பதினொரு மூலைகளை இழந்த காசு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குக் கன்னியக்கோயில் நிறுத்தம் நன்றாகத் தெரியும். காலையில் அங்கே ஏறுகிறவர்களில் பாதிப் பேர் புதுச்சேரியில் எங்காவது வேலைக்குப் போகும் பெண்கள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் துணிப்பை. டிக்கெட்டுக்கான சில்லறையை ஏறுவதற்கு முன்பே உள்ளங்கையில் எண்ணி வைத்திருப்பார்கள். அப்படி ஒரு நாள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த அம்மா ஒருவர் நீட்டிய சில்லறையிலிருந்து ஒரே ஒரு காசை மட்டும் கண்டக்டர் பிரித்தெடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாம் அம்மா, வேறு இருந்தால் கொடுங்கள்" என்றார். குரலில் கடுமை இல்லை. அந்த அம்மா சுருக்குப் பையைத் துழாவிப் பார்த்தார், வேறு இல்லை. நான் ஒரு இரண்டு ரூபாயைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு அந்தக் காசை வாங்கிக்கொண்டேன். "அது செல்லாது தம்பி, உங்களுக்கு எதற்கு?" என்று அந்த அம்மா கேட்டார். இருக்கட்டும் என்றேன். அத்துடன் எங்கள் பேச்சு முடிந்தது. அன்றைக்கு நான் அவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அடுத்த ஏழு வாரங்கள் நான் அலைந்த அலைச்சல் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்ததும் கொஞ்சமில்லை.

அது என்ன காசு என்று அடையாளம் காணவே அரியாங்குப்பம் பாலம் வந்துவிட்டது. இப்போது புழங்கும் ஒரு ரூபாயைவிடச் சற்றே பெரிய வட்டம். சுற்றிலும் தடித்த விளிம்பு எழும்பி நிற்க, நடுப்பகுதி பள்ளமாக இருந்தது. பொம்மைச் சொப்பில் வரும் சின்னத் தாம்பாளம் போல என்று சொல்லலாம். பள்ளத்துக்குள்ளே இந்திய வரைபடமும் அதற்குள் கொடியும் தெளிவாகத் தெரிந்தன. மறுபக்கம் சிங்கத் தலைகள். வரைபடத்துக்குள் கொடி என்றால் அது பழைய இரண்டு ரூபாய்தான். 1990களிலும் பிறகு 2004 வரையிலும் அச்சான செம்பு நிக்கல் காசு. சுற்றிலும் தேசிய ஒருமைப்பாடு என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். இதில் அந்த எழுத்துகளின் பாதியை விளிம்பு விழுங்கியிருந்தது. வருடத்தின் கடைசி எண்ணும் உள்ளே போய்விட்டது.

என்னை உறுத்தியது அதுகூட இல்லை. அந்த இரண்டு ரூபாய் வட்டமான காசே கிடையாது. அதற்குப் பதினொரு பக்கங்கள், பதினொரு மூலைகள். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்: சட்டைப் பையில் கையை விட்டால் கண்ணால் பார்க்காமலே இது இரண்டு ரூபாய் என்று விரல் சொல்லிவிடும். என் கையில் இருந்த காசில் விரலை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு மூலைகூடத் தட்டுப்படவில்லை. ஒரு மூலை மழுங்கியிருந்தால் எங்கோ விழுந்தது என்று விட்டிருப்பேன். பதினொன்றும் ஒன்றுபோல எப்படிப் போகும்?

அடிபட்டது என்ற ஒரு சொல்

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே புதுச்சேரி மகாத்மா காந்தி சாலைச் சந்தைக்குப் போனேன். நடைபாதையில் விரிப்புப் போட்டுப் பழைய காசு விற்பவர் ஒருவரை எனக்குச் சில வருடங்களாகத் தெரியும். அவரிடம் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா இருக்கும். ஒருபுறம் லில்லிப் பூவும் மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்றும் பொறித்த பிரெஞ்சுக் காலத்துச் செம்புத் துட்டு இருக்கும். நான் நீட்டியதை வாங்கி, ஒரு புரட்டுப் புரட்டி, "அடிபட்ட காசு சார், விலை இல்லை" என்று திருப்பித் தந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சேகரிப்பவர்களுக்கு வேண்டியது அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் காசு. அதற்குப் பிறகு அதற்கு நடந்தது எல்லாம் அவர்கள் கணக்கில் கழிவு. ஆனால் அந்த ஒரு சொல் எனக்குள் தங்கிவிட்டது. அடிபட்டது சரி, எது அடித்தது? எந்தத் திசையிலிருந்து? ஒரே அடியா, ஆயிரம் அடியா? ஒரு காசின் மேல் இருக்கும் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு காரணம் இருந்தே தீரும். காரணத்தைக் கேட்காமலே விலையைச் சொல்லி முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

இதே ஊரில் இப்படி நினைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. பழைய துறைமுகமான அரிக்கமேடு இங்கிருந்து நாலு எட்டுத்தான். ரோமாபுரியோடு நம் கரை நடத்திய வணிகத்துக்கு 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிய குழிகளிலிருந்து வந்த பானையோடுகள் சாட்சி. அந்த வணிகத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த ரோமானியக் காசுகளில் ஒரு பெருங்குவியல் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்தது. 501 பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. அது தற்செயலாக விழுந்த வெட்டாக இருக்க முடியாது. திரும்பத் திரும்ப, முகத்தையே குறிவைத்து, ஒருவர் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். இது இனிக் காசாகப் புழங்கக் கூடாது, வெறும் பொன்னாகத்தான் எடை போடப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினார்களா, வேற்று அரசனின் முகம் வேண்டாம் என்று வெட்டினார்களா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்தக் காசுகளில் வெட்டுத்தான் செய்தி. வெட்டில்லாத காசு ரோமாபுரியைப் பற்றிப் பேசும். வெட்டுப்பட்ட காசு நம்மைப் பற்றிப் பேசும்.

வீட்டுக்குள்ளும் இப்படிக் காசுகள் உண்டு. குழந்தையின் அரைஞாணில் கோக்கத் துளை போட்ட செம்புக்காசு, நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்ததால் கறை ஏறிய காசு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளி போட்டுத் தேய்த்ததில் ராஜாவின் மூக்கே இல்லாமல் போன பூஜைக் காசு. எதைப் பார்த்தாலும் எந்தக் கை என்ன செய்தது என்று சொல்லிவிடலாம். இந்த இரண்டு ரூபாயைப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியவில்லை.

அச்சு செய்யக்கூடியதும் முடியாததும்

அலுவலகத்தில் ஒரு நண்பர் காசைப் பார்த்ததும் பரபரப்பானார். நாணயச்சாலையில் தவறாக அச்சானதாம். இதற்கு லட்சக்கணக்கில் கொடுப்பார்களாம். கைபேசியில் ஒரு காணொளியையும் காட்டினார். பழைய காசை வாங்கிக்கொள்கிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்க வேண்டி வந்தது. இந்த ஆசை எத்தனை வீடுகளில் நுழைந்திருக்கிறது என்பதற்கு அது போதும். நண்பர் நல்லவர், அவருக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்ல விரும்பினேன். அதற்காகவே காசு அச்சாகும் விதத்தை உட்கார்ந்து யோசித்தேன்.

உலோகத் தகட்டிலிருந்து வில்லையை வெட்டுகிறார்கள். அதன் ஓரத்தைக் கொஞ்சம் நெருக்கி விளிம்பு எழுப்புகிறார்கள். பிறகு அதை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் ஒரே அழுத்து. இரண்டு ரூபாய்க்கு அந்த வளையமே பதினொரு பக்கம். வளையம் இல்லாமல் அச்சு விழுந்துவிட்டால் என்ன ஆகும்? அழுத்தப்பட்ட உலோகம் வெளியே பிதுங்கும். காசு வழக்கத்தைவிட அகலமாகவும் மெல்லியதாகவும் வரும். என் காசோ வழக்கத்தைவிடக் குறுகி, ஓரத்தில் தடித்திருந்தது. அப்படியே நேர் எதிர். அதைவிடப் பெரிய சான்று ஒன்று இருந்தது. இந்தக் காசில் விளிம்பு எழுத்துகளின் மேல் கவிந்திருந்தது; ஊசியை விட்டால் அதன் அடியில் நுழைந்தது. அச்சு மேலிருந்து இறங்கி, வந்த வழியே மேலே போக வேண்டிய பொருள். இட்லித் தட்டின் குழி ஏன் வாய் அகன்று அடி குறுகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாய் குறுகி அடி அகன்ற குழியில் இட்லியை வார்க்கலாம், முழுசாக எடுக்க முடியாது. கவிந்த விளிம்பை எந்த அச்சாலும் தர முடியாது. எழுத்து முதலில் வந்தது, விளிம்பு அதன் மேல் பிறகு சாய்ந்தது. ஆகவே இது நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்தது. நண்பருக்கு ஏமாற்றம்தான், ஆனால் இட்லித் தட்டை ஒப்புக்கொண்டார்.

வெளியே என்றால் எங்கே? சிறுவயதில் கடலூரில் கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் செய்த முதல் சோதனையே தண்டவாளத்தில் காசு வைப்பதுதான். ரயில் ஏறினால் காசு காந்தமாகிவிடும் என்று எங்கள் தெரு முழுவதும் நம்பியது. காந்தம் கிடைத்ததில்லை; அரச இலைபோல விரிந்து, படமெல்லாம் வழித்துப்போன தகடுதான் கிடைத்தது. சக்கரம் மேலிருந்து நசுக்கும். இங்கே நடுவில் நசுங்கலே இல்லை, கொடியின் கோடுகள்கூட அழியவில்லை. தண்டவாளம் விலகியது. கலவை இயந்திரமா என்று கட்டட மேஸ்திரி ஒருவரைக் கேட்டேன். ஜல்லியோடு சுற்றிய காசின் முகம் அம்மைத் தழும்பாக இருக்கும், இது வழவழவென்று இருக்கிறதே என்றார். அதுவும் விலகியது.

கடல் மட்டும் எளிதில் விலகவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அதற்குப் பின்வந்த வாரங்களில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியே போட்டிருந்தது. அப்போது நான் பொறுக்கிய ஒரு பழைய ஒரு ரூபாய் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 1980களின் காசு. அதிர்ஷ்டவசமாக அதுவும் அதே செம்பு நிக்கல் கலவை, அதே 6 கிராம், அதே 26 மில்லிமீட்டர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்ற இரண்டு காசுகளில் ஒன்றைக் கடல் வளர்த்தது. மற்றதை யார் வளர்த்தது என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்குப் போனேன்.

பத்தர் பட்டறையில்

பாடலீஸ்வரர் கோயிலை ஒட்டிய தெருவில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்கிற பத்தருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இப்போது மகன்தான் பட்டறையைப் பார்க்கிறார். பெரியவர் பழுது வேலைகளோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காசை வாங்கியவர் பார்ப்பதற்கு முன் கேட்டார். விரலில் வைத்துச் சுண்டி, பட்டறைக் கல்லில் விழவிட்டுக் காதைச் சாய்த்தார். பிறகு என் கடல் ரூபாயைச் சுண்டினார். "உலோகம் ஒன்றுதான். இரண்டும் உள்ளே விரிசல் இல்லாதவை. இதன் நாதம் மட்டும் கொஞ்சம் கட்டையாக இருக்கிறது. ஓரம் கனத்துவிட்டது" என்றார். அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

மகன் எடை போட்டார். நகைத் தராசு மூன்று தசமம் வரை காட்டும். கடல் ரூபாய் 5.310 கிராம். மணல் அதைத் தின்றிருக்கிறது. எழுத்தும் எண்ணும் கரைந்து, ஓரம் உருண்டு, முகம் மங்கிப்போனதற்கு விலையாக அரை கிராமுக்கு மேல் போயிருக்கிறது. பிறகு இரண்டு ரூபாய். தராசில் 5.942 என்று நின்றது. நான் இன்னொரு முறை போடச் சொன்னேன். மறுபடியும் 5.942. ஆறு கிராமில் 58 மில்லிகிராம் மட்டுமே குறைவு. அது கை மாறிக் கை மாறிப் போகும் எந்தக் காசுக்கும் ஆகும் தேய்மானம். வெர்னியர் அளவுகோலில் விட்டம் 23 மில்லிமீட்டர், விளிம்பின் தடிமன் 2.4; நடுவில் அதில் ஏறக்குறைய பாதி.

அந்த எண்ணைப் பார்த்த நொடியில் என் கேள்வியே மாறிவிட்டது. ஏழு வாரங்களாக நான் 'மூலைகள் எங்கே போயின' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தேய்ந்தன, உரசின, அரிக்கப்பட்டன என்றே எல்லா ஊகமும் ஓடியது. எடை சொன்ன பதில்: மூலைகள் எங்கேயும் போகவில்லை. பதினொன்றும் இதே காசுக்குள்தான் இருக்கின்றன. 26 மில்லிமீட்டராக இருந்தது 23 ஆனபோது, ஓரத்து உலோகம் உள்நோக்கிப் போய், இடமில்லாமல் மேலும் கீழும் எழும்பி, இந்தத் தாம்பாளக் கரையாகிவிட்டது. பெரியவர் அதைத் தன் மொழியில் சொன்னார். "அரம் போட்டிருந்தால் பொடி போயிருக்கும் தம்பி. பொடி போனால் எடை போகும். இதில் ஒன்றும் போகவில்லை, இருந்தது இடம் மாறியிருக்கிறது. இது தேய்ந்த காசு இல்லை. தட்டுப்பட்ட காசு."

அப்படியானால் யாராவது சுத்தியால் தட்டினார்களா என்றேன். அது நடக்காத விஷயம் இல்லை. அவருடைய அப்பா பழைய வெள்ளி ரூபாயை விரலிடுக்கில் திருப்பித் திருப்பி ஓரத்தில் தட்டி, நடுவைக் குடைந்து மோதிரமாக்கியதை அவரே பார்த்திருக்கிறார். அவர் காசை விளக்குக்கு நேரே மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். "சுத்திக்கு ஒரு முகம் உண்டு. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அடி ஒரு பக்கம் சாயும், ஓர் இடத்தில் கூடும், ஓர் இடத்தில் குறையும். இந்தக் காசில் கை தெரியவில்லை" என்றார். இன்னொன்றும் காட்டினார். கவிந்த விளிம்பின் உதட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள். உலோகத்தைத் தட்டத் தட்ட அது முறுக்கேறும். நடுநடுவே காய்ச்சி ஆற்றிப் பதப்படுத்தாவிட்டால் ஓரம் வெடிக்கும். தொழில் தெரிந்தவன் காய்ச்சாமல் தட்ட மாட்டான். ஆகவே தட்டியது மனிதன் இல்லை, நெருப்பும் கிட்டே வரவில்லை. மெல்லிய அடி, கணக்கில்லாத அடி, எல்லாத் திசையிலும் சமமாக. காசு தானே சுழன்று கொண்டிருந்தால்தான் அது நடக்கும்.

கிளம்பும்போது அவர் சாமணத்தால் விளிம்பின் அடியிலிருந்து எதையோ இழுத்தார். உரைகல்லின் கறுப்பு முகத்தில் வைத்துக் காட்டினார். வெள்ளையாக, அரை அங்குலம்கூட இல்லாத பஞ்சு இழை.

வரும் வழியில் ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரு காசு உருக்குலைக்கப்படாமலும், குறித்த அளவுக்கு மேல் எடை இழக்காமலும் இருக்கும் வரை செல்லும் என்கிறது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். எடை என்ற தேர்வில் இந்தக் காசு நின்றுவிட்டது, உருவம் என்ற தேர்வில் தோற்றுவிட்டது. கண்டக்டர் செய்தது சட்டப்படி சரி. தன்னிடம் கொடுக்கப்பட்ட உலோகத்தை அநேகமாக முழுவதும் காப்பாற்றி வைத்திருந்தும் ஒரு பொருள் செல்லாமல் போவதை ஏற்றுக்கொள்வது எனக்கு அன்று கடினமாக இருந்தது.

பஞ்சு என்றதும் புதுச்சேரிக்காரர்கள் யாருக்கும் மில்தான் நினைவுக்கு வரும். முதலியார்பேட்டையில் டீக்கடையில் பழக்கமான ஒரு பெரியவர் பல வருடம் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சைச் சிக்கெடுக்கும் இயந்திரத்தில் காசு விழுந்தால் கம்பிப் பற்கள் அப்போதே கிழியும், தீப்பொறி பறக்கும், அந்த நிமிடமே நிறுத்திவிடுவோம், மாதக்கணக்கில் உள்ளே சுற்ற விட மாட்டோம் என்றார். இழையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது மில் பஞ்சு இல்லை. நெய்து, துவைத்து, வெளுத்த துணியிலிருந்து உதிர்ந்தது" என்றும் சொன்னார். துவைத்த துணி. அப்போதுதான் எனக்குக் கன்னியக்கோயிலும் அந்தத் துணிப்பையும் நினைவுக்கு வந்தன. காசை அதன் உலோகத்திடம் கேட்டேன், வியாபாரியிடம் கேட்டேன், பத்தரிடமும் மில்காரரிடமும் கேட்டேன். வைத்திருந்தவரிடம் கேட்கவில்லை. கையில் செல்லாத காசு இருந்ததால் அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன். அந்த நினைப்பு எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்த அம்மா சொன்னது

மறுநாளிலிருந்து பஸ்ஸில் அந்த அம்மாவைத் தேடினேன். நான்காவது நாள் அவர் ஏறினார். பக்கத்தில் இடம் இருந்ததால் போய் உட்கார்ந்து காசை எடுத்துக் காட்டினேன். "இன்னும் வைத்திருக்கிறீர்களா?" என்றார். இது எங்கே கிடைத்தது அம்மா என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "டிரையரில்" என்றார்.

புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் அவருக்குப் பன்னிரண்டு வருட வேலை. படுக்கை விரிப்பு, துண்டு, ஊழியர்களின் சீருடை எல்லாம் துவைத்து, பிழிந்து, சூடான காற்றில் சுழலும் பெரிய டிரம்மில் உலர்த்துவார்கள். டிரம்மின் உட்சுவரில் துணியை மேலே தூக்கிப் போடுவதற்காக மூன்று வரப்புகள் இருக்கும். துவைக்கும் முன் ஒவ்வொரு பையையும் தடவிப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. ஏதோ ஒரு சட்டைப் பை தப்பிவிட்டது. காசு வரப்புக்கும் டிரம்முக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. எட்டு மாதம் கழித்து வரப்பு ஆடுகிறது என்று மெக்கானிக் வந்து கழற்றியபோது இரண்டு பித்தான், ஒரு கொண்டை ஊசி, இந்தக் காசு. இயந்திரம் நின்ற இரண்டு நாளும் ஈரத்துணி முழுவதையும் மொட்டை மாடிக்குச் சுமந்து கயிற்றில் போட்டிருக்கிறார்கள். பையைத் தடவாததால் வந்த வினை என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலும் சொன்னாராம். காசை அவர் கையிலேயே கொடுத்து, வைத்துக்கொள் என்றாராம். அவர் வைத்துக்கொண்டார்.

நிமிடத்துக்கு எத்தனை சுற்று இருக்கும் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார், ஆனால் மடியில் விரலால் தாளம் போட்டுக் காட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். நாற்பதுக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 19,200 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் காசு வரப்போடு மேலே ஏறி, சரிந்து, ஓரத்தில் விழுந்து, உருண்டிருக்கும். விழும்போது முதலில் தரையைத் தொடுவது எது? மூலை. மூலையில் விழும் அடி சிறிய இடத்தில் குவியும், அதனால் முதலில் அமுங்குவதும் அதுவே. பதினொன்றும் அமுங்கி ஓரம் வட்டமான பிறகு அடி எல்லா இடத்திலும் பரவி, உலோகத்தை உள்ளே தள்ளி, கரையை எழுப்பியிருக்கும். கரை எழும்பிய பிறகு முகத்தில் எதுவும் படாது. கொடியும் சிங்கமும் அப்படித்தான் பிழைத்தன. சுடுகாற்றுக்கும் இதில் பங்கில்லை. இந்த உலோகம் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அது துணியை உலர்த்தும் சூடு. பத்தர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கை இல்லை, நெருப்பு இல்லை, மெல்லிய அடி, கணக்கில்லாத அடி. இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன், எடையையும் சொன்னேன். ஒன்றுமே குறையவில்லையா என்று இரண்டு முறை கேட்டார்.

பிறகு காசை என்னிடமிருந்து வாங்கி, மடியில் இருந்த காலித் தூக்கைத் திறந்தார். அன்றைக்கு விடுதியில் ஏதோ விசேஷம், சாப்பாடு அங்கேயே என்பதால் தூக்கு காலியாக இருந்தது. காசை உள்ளே போட்டு மூடி, படுக்கவைத்து, காதருகே பிடித்து மெதுவாகச் சுற்றினார். பஸ் தவளக்குப்பம் நிறுத்தத்தில் நின்றிருந்தது. உள்ளே காசு வழவழவென்று உருளும் சத்தம்.

"இது கடைசியில் வந்த சத்தம்" என்றார். "முதல் மாதம் இப்படி இல்லை தம்பி. கடகடவென்று குதித்துக் குதித்து விழும். நான் சொன்னேன், உள்ளே ஏதோ இருக்கிறது என்று. பித்தானாக இருக்கும், விடு என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் குதிப்பது குறைந்துவிட்டது. அப்புறம் உருள ஆரம்பித்தது. சத்தம் நின்றுவிட்டதே, போய்விட்டது போலிருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இப்போதுதான் தெரிகிறது, மூலை போன மாதம் அது."

மரப்பாலத்தில் அவர் இறங்கும்போது காசு தூக்குக்குள்ளேயே இருந்தது. அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசிப் படியில் கால் வைத்தபோது தூக்கு கொஞ்சம் சாய்ந்தது. உள்ளே காசு ஒரு சுற்று உருண்டு நின்றது எனக்கும் கேட்டது.